பெரியம்மாவைத் தட்டிப் பார்ப்பவர்

டொக், டொக் என்று இரண்டு தட்டு. தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு இன்னும் ஒரு தட்டு. மருமகன் ஆசை ஆசையாக வாங்கி, நாலு பேர் பிடித்து மாடியேற்றி வைத்த புது அலமாரி அது. பாலிஷ் வாசனை கூட இன்னும் போகவில்லை.

"மாப்பிள்ளை, இடது கால் பக்கம் வெறும் கூடு," என்றார். "மரம் இல்ல. அட்டை."

மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏம்ப்பா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா? சந்தோஷமா இருக்கிற எடத்துல எதுக்கு ஓட்டை தேடுறீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. இடது கால் பக்கம் அட்டை. அவ்வளவுதான்."

அவர் அப்படித்தான். எதைக் கண்டாலும் வலது கையின் நடுவிரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம், பழக்கடையில் தர்பூசணி, வங்கியில் கண்ணாடித் தடுப்பு, எதுவும் தப்பாது. ஒரு முறை சளி பிடித்து டாக்டரிடம் போனார். டாக்டர் முதுகில் தட்டிப் பார்க்க, இவர் திரும்பாமலே, "இன்னும் ரெண்டு விரல் கீழ தட்டுங்க, அங்கதான் சத்தம் மாறுது," என்று சொன்னாராம். டாக்டரும் அங்கே தட்டினார். சத்தம் மாறத்தான் மாறியது.

துறைமுகத்தில் அவருக்குப் பெயரே டொக்டொக் என்று ஆகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

திரும்பிப் பார்க்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காது பாதிக்கு மேல் போய்விட்டது. இழுவைப் படகின் இஞ்சின் அறையில் நாற்பத்துநாலு வருஷம் நின்றவருக்கு வேறு என்ன மிஞ்சும்? "நான் தொண்டை கிழியக் கத்தினா கேக்காது. தகரம் முணுமுணுத்தா மட்டும் கேக்கும்," என்பாள் அவர் மனைவி. அவள் கத்துவதை என்றைக்கோ விட்டுவிட்டாள். படகில் கேப்டன் மேலேயிருந்து கீழே இஞ்சின்காரருக்கு மணியடித்துச் சொல்லுவார் அல்லவா, அந்த முறையையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாத்திர மூடியில் கரண்டியால் ஒரு அடி அடித்தால் சாப்பிட வா. இரண்டு அடித்தால் பேச்சை நிறுத்து. விருந்தாளி வந்த நாட்களில் பெரும்பாலும் இரண்டுதான் கேட்கும்.

அந்த இழுவைப் படகைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கட்டையான உடம்பு, தூக்கிய மூக்கு, மூக்கைச் சுற்றிப் பழங்கயிற்றால் பின்னிய மெத்தை. தூரத்திலிருந்து பார்த்தால் தாடி வைத்த மாதிரி இருக்கும். பெரிய கப்பலின் வயிற்றில் முட்டும்போது இரண்டு பேருக்கும் வலிக்காமல் இருக்க அந்த மெத்தை. வயது எழுபத்தொன்று. ஆபீஸில் ஒரு தாள் அறுபத்தெட்டு என்று சொல்லும். அந்தத் தாளை யாரும் நம்ப வேண்டாம். இஞ்சின் அறை வாசலில் பித்தளைத் தகட்டில் வருஷம் வெட்டியிருக்கிறது. தினம் அதைத் துடைக்கிறவருக்குத் தெரியாததா தாளுக்குத் தெரிந்துவிடும்?

படகின் பக்கவாட்டில் ஏதோ பெரிய மனிதரின் பெயர் எழுதியிருக்கிறது. பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி எழுத்தெல்லாம் வீங்கிப்போய் யாருக்கும் படிக்க வராது. எல்லோருக்கும் அவள் பெரியம்மாதான். பத்து மாடி உயரக் கப்பல்கள் உலகத்தையே சுற்றிவிட்டு வந்து, துறைமுக வாசலில் திரும்பத் தெரியாமல் திகைத்து நிற்கும். இவள் போய், கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்து வருகிற மாதிரி இழுத்து வந்து, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார வைப்பாள். ஒரு நாளைக்கு நாலு கப்பல், சில நாள் ஆறு. ஊர் உலகம் போகிறவர்களையெல்லாம் வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்புகிறவள் அவள். டொக்டொக்கும் அப்படியே. துறைமுக வாசலைத் தாண்டி மூன்று மைலுக்கு மேல் அவர் போனதே இல்லை. "போய் என்ன பண்ண? எல்லாரும் இங்கதான வர்றாங்க," என்பார்.

அவரிடம் எப்போதும் இரண்டு துணி இருக்கும். பின் பையில் எண்ணெய்க் கறுப்பேறிய வேஸ்ட் துணி, எல்லாவற்றுக்கும் அதுதான். சட்டைப் பையில் வெள்ளைத் துணி ஒன்று மடிப்புக் கலையாமல் இருக்கும். மனைவி வாரம் ஒரு முறை வெந்நீரில் போட்டுத் துவைத்துத் தருவாள். அது பித்தளைத் தகட்டுக்கு மட்டும். ஒரு நாள் மருமகன் அவசரத்தில் அதை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டான். அவர் துணியை வாங்கி, அவன் பையிலேயே செருகிவிட்டு, அடுத்த நாள் வேறு புதுத் துணியோடு வந்தார்.

மருமகனுக்கும் அதே படகில்தான் வேலை, கயிறு பிடிக்கிற வேலை. வீட்டில் "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்று குழைகிற மாமனார், படகில் கால் வைத்ததும் "ஏய், அந்த ஸ்பேனரை எடு, தூங்காத" என்று மாறிவிடுவார். "மாமா, எந்தப் படியில ஏறும்போது மரியாதை இறங்குதுன்னு சொல்லுங்க, அந்தப் படியை மட்டும் தாண்டிடறேன்," என்பான் அவன். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இன்னும் வாய் அடங்கவில்லை.

பெரியம்மாவின் மேல் யாரும் சுத்தியல் ஓங்கக் கூடாது என்பது டொக்டொக் போட்ட சட்டம். துரு எடுப்பதானாலும் சுரண்டிதான். புதிதாக வந்த ஒருவன் தெரியாமல் சுத்தியலால் நாலு போடு போட்டதற்கு, "உங்க வீட்டுப் பெரியம்மாவையும் இப்படித்தான் அடிப்பியா?" என்று கேட்டு, அவன் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். இவர் தட்டுவது விரல் முட்டியால் மட்டும். காலையில் வந்ததும் தகட்டைத் துடைப்பார். பிறகு கீழே இறங்கி, பம்புக்குப் பின்னால் தரைத் தகட்டைத் தூக்கி, மண்டியிட்டு, இடது பக்க மூலையில் மூன்று தட்டு. அதற்கப்புறம்தான் இஞ்சின் கிளம்பும். படகில் இருக்கிறவர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, அந்த நேரத்தில் பேசாமல் இருப்பார்கள்.

வேண்டுதல் இல்லை. எதைத் தட்டினாலும் கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுகிற மனிதர், அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் பதினோரு வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியம்மா நிலக்கரியில் ஓடிக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து வாரிய சாம்பலைத் தண்ணீர் தெளித்து அந்த மூலையில்தான் குவிப்பார்கள். ஈரச் சாம்பல் இரும்பைத் தின்னும். மூன்றாம் வருஷம் மேல்தளத்தையே வெட்டித் திறந்து கொதிகலனைத் தூக்கி எறிந்து டீசல் இஞ்சினை இறக்கினார்கள். சாம்பல் போனது, அது தின்ற இடம் மெலிந்தபடியே இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் உள்ளங்கை அகலத்துக்கு அங்கே வியர்த்தது. வியர்வை என்றால் கடல்தான். மூச்சு விட நேரமில்லாமல் கப்பல்கள் வரிசையில் நின்ற சமயம். அப்போதிருந்த பழைய கேப்டனும் இவருமாகச் சிமென்ட் குழைத்து அப்பி, மேலே பெயின்ட் அடித்தார்கள். "அடுத்த தடவை டாக்ல ஏத்தும்போது சொல்லிக்கலாம்," என்றார் கேப்டன்.

டாக் என்றால் தண்ணீரை வடித்துவிட்டுப் படகை மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்து, அடிவயிறு முழுக்கச் சோதிக்கிற இடம். அதற்கப்புறம் இரண்டு தடவை ஏற்றினார்கள். முதல் தடவை கேப்டன் கண்ணைக் காட்டினார், இவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது தடவை கேப்டன் உயிரோடு இல்லை. கண்ணைக் காட்ட ஆளில்லாமல் இவராகவே மூடிக்கொண்டார். மரக்கட்டை ஒன்று சரியாக அந்த இடத்தை ஒட்டி வந்து உட்காரும். சோதிக்கிறவர்களின் கருவி அங்கே நேராகப் பதியாது. எட்டிய இடங்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார்கள்.

சொல்லியிருந்தால் என்ன என்று கேட்பது சுலபம். துறைமுக மேலாளர் தெளிவாகச் சொல்லிவைத்திருந்தார். "அடியில ஒரு ஓட்டைன்னாலும் அந்தக் கிழட்டுப் படகுக்கு ரிப்பேர் கிடையாது. நேரா உடைக்க அனுப்பிடுவேன்." புது இழுவைப் படகுகள் மூன்று வந்துவிட்டன. நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுகிறவை. டொக்டொக்குக்கு அவற்றின் மேல் பொறாமை எல்லாம் கிடையாது. "நல்லா ஆடுதுங்க, கெட்டிக்காரப் பொண்ணுங்க," என்று கரையில் நின்று ரசிப்பார். ஆனால் பெரியம்மாவை வெட்டித் தகரமாக விற்பார்கள் என்றால் அவர் நெஞ்சு கேட்குமா?

கேட்காததற்குக் காரணம் ஒரு மத்தியான நேரம். மூத்த மகள் பிறந்து ஒன்பதாம் நாள். கோதுமைக் கப்பல் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் திடீரென்று வேகம் எடுத்துவிட்டது. பின்னால் இருக்க வேண்டிய கயிறு பக்கவாட்டுக்கு வந்து பெரியம்மாவைக் குறுக்கே இழுத்தது. இழுவைப் படகுகள் சாவது அப்படித்தான், இரண்டு நிமிஷம் கூட ஆகாது. கயிற்றை விடுகிற கொக்கி சிக்கிக்கொண்டது. கீழே இஞ்சின் அறையில் சுவர் தரையாகிவிட்டது. டொக்டொக் சுவர்மேல் நின்றார். மேல் ஜன்னல் வழியாகக் கடல் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. மேலே பழைய கேப்டன் கோடாலியால் கயிற்றை வெட்டினார். வெட்டிய பிறகும் அவள் எழவில்லை. சாய்ந்தபடியே யோசித்தாள். பிறகு முனகிக்கொண்டு, ஒரு பக்கமாகக் கையை ஊன்றி எழுகிறவள் போல எழுந்து நேராக நின்றாள்.

அன்று நனைந்த உடுப்போடு வீட்டுக்கு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "பெரியம்மா எந்திரிச்சு நின்னுட்டா," என்றார்.

மனைவிக்குப் புரியவில்லை. "எங்க பெரியம்மாவா? அவங்க மூணு வருஷமாப் படுத்த படுக்கையில்ல?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, குழந்தையும் சேர்ந்து அழுதது. வெள்ளைத் துணி அடுத்த நாளிலிருந்துதான்.

அலமாரியைத் தட்டிய வாரத்துக்கு அடுத்த வாரம் பெரியம்மாவை மறுபடியும் டாக்கில் ஏற்ற நாள் குறித்தார்கள். இந்தத் தடவை தேறிவிட்டால் இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம். டொக்டொக்குக்கு நாலு மாதத்தில் ஓய்வு. அவர் இடத்தில் இஞ்சின் அறைக்கு இறங்கப் போவது மருமகன்.

நாள் குறித்த அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே, பதினோரு வருஷமாகச் சொல்லாததை மனைவியிடம் சொன்னார். சாம்பல், சிமென்ட், கேப்டன் கண்ணைக் காட்டியது எல்லாம். காது கேட்காதவர் பேச்சு மெதுவாக வராது. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சொன்னா உடைச்சிடுவாங்க," என்றார்.

அவர் காதருகே குனிந்து, "சொல்லலன்னா?" என்றாள்.

"சொல்லலன்னா ஒண்ணும் ஆகாது. பதினோரு வருஷமா ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகாதுன்னா தினம் காலையில எதுக்குப் போய்த் தட்டிப் பாக்குறீங்க?"

சோறு கையிலேயே இருந்தது.

"அன்னைக்கு அவ நிக்கலன்னா நான் ஏது, நீ ஏது," என்றார் கடைசியில். "அந்த நன்றி இருக்குல்ல."

"எனக்கும் இருக்கு. ஒம்பது நாள் பிள்ளையோட உக்காந்திருந்தவ நான்." அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க இருக்கிறவரை தட்டுவீங்க. வீட்டுக்கு வந்துட்டா யாரு தட்டுவா?"

மறுநாள் மருமகனை அந்த மூலைக்குக் கூட்டிப்போனார். காரணம் சொல்லவில்லை. "இங்க தட்டு. இப்ப இங்க தட்டு. வித்தியாசம் கேக்குதா?" மருமகன் தட்டினான். காதைத் தகட்டில் வைத்துத் தட்டினான். மண்டியிட்டுத் தட்டினான். "எல்லாம் ஒரே டொக்குதான் மாமா," என்றான். "நீங்க விரல்ல ஏதாவது மெஷின் வச்சிருக்கீங்களா?"

"இல்ல," என்றார் டொக்டொக். "எந்திரி. முட்டி வலிக்கும்."

படகில் வைத்து மருமகனிடம் அவர் அத்தனை கனிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவனே பயந்து, "மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று இரண்டு பேரிடம் கேட்டான்.

டாக்கில் தண்ணீர் வடிந்து பெரியம்மா கட்டைகள் மேல் உட்கார்ந்தாள். தண்ணீருக்கு வெளியே பார்த்தால் எவ்வளவு பெரிய வயிறு! சோதனைக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. சின்ன வயது, பெரிய பூட்ஸ். பேனா மாதிரி ஒரு கருவியை அடித்தகட்டில் வைப்பார். இரும்பின் கனம் எண்ணாக வரும். அதைச் சாக்பீஸால் அங்கேயே எழுதுவார். காலையிலிருந்து மத்தியானம்வரை ஊர்ந்து ஊர்ந்து அவர் எழுதிய எண்களில் ஒன்று கூடக் குறைவாக இல்லை. டொக்டொக் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். அந்தக் கட்டை வந்தது. வழக்கம்போல இடத்தை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. அதிகாரி கருவியை நுழைத்துப் பார்த்தார். நேராகப் பதியவில்லை. பக்கத்தில் எட்டிய இடத்தில் வைத்தார். நல்ல எண். எழுதிவிட்டு நகர்ந்தார்.

வெளியே வந்து முதுகை நிமிர்த்தினார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. எழுபது வயசுன்னு யாரு சொல்லுவாங்க?"

"எழுபத்தொண்ணு," என்றார் டொக்டொக்.

புதுக் கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணே, அதான் பாஸ் ஆயிட்டாளே, இன்னும் வயசைக் கூட்டிச் சொல்லணுமா?" மருமகன் மேலே ஏணியிலிருந்து விசில் அடித்தான். அதிகாரி தாளை மடிக்கப் போனார்.

டொக்டொக் குனிந்தார். அறுபத்துமூன்று வயது முதுகைக் கட்டைகளுக்கு நடுவில் நுழைத்து, ஈரத்தில் முழங்கால் பதிய நகர்ந்து, கட்டைக்குப் பின்னால் கையை விட்டார். டொக், டொக், டொக்.

"இங்க ஒண்ணு இருக்கும்மா," என்றார். அவர் குரல்தான் தெரியுமே, டாக் முழுக்க எதிரொலித்தது. "உள்ள சிமென்ட் அப்பியிருக்கு. நான்தான் அப்பினேன். பதினோரு வருஷமாச்சு."

கேப்டன் சிரிப்பு நின்றது. "அண்ணே, என்ன பேசுறீங்க? சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

மருமகன் ஏணியிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடி வந்தான். குனிந்து, "மாமா, வாயை மூடுங்க!" என்றான். அவன் அவரிடம் அப்படிப் பேசியதே கிடையாது. பேசிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நாளைக்கு இது மேல நிக்கப் போறது நீங்கதான், மாப்பிள்ளை," என்றார் டொக்டொக். படகடியில் வைத்து, மாப்பிள்ளை என்று, நீங்க என்று.

அதிகாரியும் ஊர்ந்து வந்து அவர் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். "கருவி இங்க நேராப் பதியாது பெரியவரே. அடிச்சுப் பார்த்தால்தான் தெரியும். மெலிஞ்சிருந்தா முனை உள்ள இறங்கிடும்." தன் பையிலிருந்து கூர்முனைச் சுத்தியலை எடுத்தார். எதற்காகவோ கொஞ்சம் தயங்கினார். டொக்டொக்கின் முகத்தைப் பார்த்தால் யாரும் தயங்குவார்கள். "நான் அடிக்கட்டுமா?"

"வேண்டாம்மா. வேற யாரும் வேண்டாம். குடுங்க."

சுத்தியலை வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைத் துணியை எடுத்து உதறி, கடல் பாசியும் துருவும் படிந்த அந்த உள்ளங்கை அகல இடத்தை, ஊசி போடுமுன் பிள்ளையின் கையைத் துடைக்கிற மாதிரி, அவசரமில்லாமல் துடைத்தார். துணி கறுத்துப் போனது. அதை மடித்துத் திரும்பப் பையில் வைத்தார். பிறகு சுத்தியலை வலது கைக்கு மாற்றி ஓங்கினார்.